பல்கீஸ் வராத கூட்டம்

1.
இந்தக் கதை என் யோசனை அல்ல. காஞ்சிபுரத்தில் நல்லிணக்க உரையாடல் நடத்திய ஒரு தொண்டு நிறுவனம், ஆண்டறிக்கைக்கு 'வெற்றிக் கதை' கேட்டது. ஒரு பக்கம் போதும். கடைசியில் இரு தரப்பும் கைகுலுக்க வேண்டும். ஆரம்பித்தேன்:

பட்டு இழைகளாய் மனங்கள் பின்னிக் கிடந்த அந்த ஊரில்—

(அடித்துவிட்டேன். பட்டைக் காட்டாமல் இந்த ஊரைப் பற்றி வாயைத் திறக்க முடியாது போலிருக்கிறது.)

2.
ஊர்வலத்தில் கல் பறந்தது. கடை ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்த ஜரிகை வியாபாரி நசீருதீன் தலையில் பட்டு இறந்தார். அவர் மனைவி பல்கீஸ் அப்போது மாடியில் நின்றிருந்தாள்.

கைதானவர்களில் ஒருவன் குரு. அவன் அம்மா கிருஷ்ணவேணி, பல்கீஸ் வீட்டுக்குப் பல வருஷமாகப் பால் ஊற்றியவள். "நான் எறியலமா" என்கிறான் குரு. செல்போன் வீடியோவில் அவன் கை உயர்ந்திருக்கிறது. கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

கதை கிருஷ்ணவேணியுடையது. அவள் உரையாடலுக்குப் போனது சமாதானத்துக்காக அல்ல, பல்கீஸிடம் ஒன்று கேட்பதற்காக.

3.
செவிலிமேட்டு மண்டபத்தில் நாற்காலிகள் வட்டமாக. நடுவில் ஒரு வண்ணக் கோல்.*

பல்கீஸின் நாற்காலி காலி. 'பாதிக்கப்பட்ட தரப்பு ஒத்துழைக்கவில்லை' என்று குறித்துக்கொண்டாள் ஒருங்கிணைப்பாளர் சத்யப்ரியா.

"பல்கீஸு இத்தாவுல இருக்குதுமா," என்றாள் கிருஷ்ணவேணி. "புருசன் செத்தா நாலு மாசம் பத்து நாள் வூட்டை வுட்டு வெளிய வராது."

"ஒரு மணி நேரம் வந்துட்டுப் போகலாமேம்மா?"

"நீங்க போலாமில்ல? பொம்பளைங்கதானே."

"நடுநிலையான இடத்துலதான் சந்திக்கணும்மா. எங்க மாடல் அப்படி."

கிருஷ்ணவேணி எழுந்தாள். லெமன் சாதம் சாப்பிடாமல் போனவள் அவள் ஒருத்திதான்.

* கோலைப் பிடித்திருப்பவர் மட்டுமே பேசலாம் என்பது விதி. கிருஷ்ணவேணியின் கணவர் கோதண்டபாணி, கட்சிக்காரர், வாங்கிய கோலைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை. 'நாமெல்லாம் அண்ணன் தம்பிங்க' என்பது மட்டும் பலமுறை கேட்டது.

4.
(இங்கே இருவரும் கட்டிப்பிடித்து அழும் காட்சி எழுதினேன். நன்றாகவே வந்தது. அதனால் எடுத்துவிட்டேன்.)

கதவைத் திறந்த பல்கீஸின் மகள் ஷிஃபா உள்ளே போய்விட்டாள். பல்கீஸ் பாயில் உட்கார்ந்திருந்தாள், வளையல் இல்லாத கையோடு. கிருஷ்ணவேணி நிலைப்படியை ஒட்டியே உட்கார்ந்தாள்.

"பால் யாரு ஊத்தறாங்க?"

"பாக்கெட்டுக்கா."

"தண்ணியா இருக்குமே."

"நீ ஊத்தனது மட்டும் கெட்டியா இருந்துச்சா?"

சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

"ஜாமீன் விசயமா வந்தியாக்கா?"

"இல்லமா. கோர்ட்டுல நீ என்னா வேணா சொல்லிக்கோ. எனுக்கு மட்டும் ஒண்ணு சொல்லு. மாடியில நின்னுக்கினு இருந்தியே. எறிஞ்சது எம் புள்ளையா?"

பல்கீஸ் அவளையே பார்த்தாள். "ஆமான்னு சொன்னா நம்புவியா?"

"நம்புவேன்."

"அவன் இல்லன்னு சொன்னா?"

கிருஷ்ணவேணி முந்தானை நுனியைக்—

(எல்லாக் கதையிலும் கசக்குவார்கள். இவள் ஒன்றும் செய்யவில்லை.)

5.
முடிவு அ: "அவன் இல்லக்கா." நிறுவனத்துக்கு இது போதும். கைகுலுக்கலை நானே சேர்த்துவிடலாம்.

முடிவு ஆ: "அவன்தான்." ஆண்டறிக்கையில் வராது.

முடிவு இ: "நான் எங்கக்கா கல்லைப் பாத்தேன்? அவரைத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பல்கீஸ் வாயைத் திறப்பதற்குள் கிருஷ்ணவேணி எழுந்து தெருவில் இறங்கிவிட்டாள். பல்கீஸ் கதவுவரை வந்து நிற்கிறாள். "அக்கா" என்கிறாள், ஊர்வல இரைச்சல் எதுவுமில்லாத தெருவிலும் அது எட்டவில்லை. அதற்கு மேல் அவள் வர முடியாது. நீங்கள் எடுத்தது எதுவோ, அதை நீங்கள்தான் ஓடிப்போய் கிருஷ்ணவேணியிடம் சொல்ல வேண்டும்.