தான் குறையாமல்

விடியுமுன்னே மெசின் இரையத் தொடங்கிவிடும். இரவெல்லாம் காற்றில் துவண்ட தேயிலைக் கொழுந்தைத் தொழிற்சாலையின் மேல்மாடியிலிருந்து தள்ளுவார்கள். அது தகரக் குழாய் வழியாக மெசினின் வாயில் வந்து விழும். உள்ளே சுழலும் இரும்புத் திருகு அதைக் கடித்து நசுக்கி மறுபக்கம் துப்பும். ஈரக் கொழுந்து வாயில் அடைத்துக்கொண்டால் ஜீவராணி கையால் அமுக்க வேண்டும். பச்சைச் சாறு முழங்கைவரை வழிந்து ஒட்டும். தோள் மரத்துப்போகும். மஸ்கெலியாப் பக்கத்துப் பனி சன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் வியர்த்தது. கை உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

போன வாரம்வரை அந்த இடத்தில் நின்றவள் சுகிர்தம். அவளுடைய இரண்டு விரல்களை அந்தத் திருகு எடுத்துக்கொண்டது.

மெசினின் வாய்க்கு ஒரு கம்பி வலை உண்டு. வலை இருந்தால் கை உள்ளே போகாது. கொழுந்தும் மெதுவாகத்தான் போகும். வேகம் போதாதென்று கம்பனி அதைக் கழற்றச் சொன்னது. கழற்றிய வலை பக்கத்துச் சுவரிலேயே சாய்ந்து நிற்கிறது. நான்கு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. விரல்கள் போன பிறகும் யாரும் முடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்தார்கள்.

மதுரன் என்று பெயர். தோட்டத்துச் சேறு படாமலிருக்கச் சப்பாத்துக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார். மெசினை நிறுத்திவிட்டு எல்லோரும் மேல்மாடிக்கு வரவேண்டும் என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை.

"நசுக்கின எல மேசையில கெடக்கு சேர். நேரத்துக்கு அடுப்புக்குப் போகணும்" என்று தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் முனகினார்.

"கொஞ்ச நேரந்தானே."

கையில் கட்டோடு சுகிர்தமும் வந்து நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"நம்ம அன்றாட வாழ்க்கையே ஊக்கிகளாலதான் ஓடுது" என்று மதுரன் தொடங்கினார். "துணி துவைக்கிற தூள்ல கறையை வெட்டுறது ஊக்கி. நான் வந்த வாகனத்துப் புகைக்குழாயில நச்சுப் புகையை மாத்துறது ஊக்கி. சோத்தை மென்னா இனிக்குதே, அது எச்சில்ல இருக்கிற ஊக்கி. உங்க தேயிலையையே பாருங்க. இலை கசங்கினதும் உள்ள இருக்கிற நொதியம் வேலையைத் தொடங்கிடும். பச்சை செப்பு நிறமாகும், மணம் வரும். அடுப்புச் சூடு பட்டாத்தான் அடங்கும். அதுவரைக்கும் யார் சொன்னாலும் நிக்காது."

சொன்னது எதுவும் பொய்யில்லை. உண்மையை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார், அவ்வளவுதான்.

"இந்தக் கம்பனிக்கு நீங்கதான் ஊக்கி" என்று முடித்துக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார்.

"என்ன, ஊக்கா?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "பொத்தான் அறுந்த எடத்துல குத்துறதா?"

சிரிப்பு பரவியது. மதுரனும் பெருந்தன்மையாகச் சிரித்தார். "ஊக்கு இல்லம்மா, ஊக்கி. தான் மாறாம, தான் குறையாம, நடக்கிற வேலையை வேகமாக்குறது."

சுகிர்தம் கட்டுப் போட்ட கையை உயர்த்தினாள்.

"தான் குறையாமன்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டு வெரல் கொறஞ்சிருக்குங்க. அப்ப நான் ஊக்கி இல்லையா, இல்ல நீங்க படிச்சது தப்பா?"

மதுரன் தன் மடிக்கணினியைப் பார்த்தார். அதில் இதற்குப் படம் இருக்கவில்லை.

"அது உன்னோட கவனக்குறைவு" என்றார் தொரை. "போதும். எல்லாரும் எறங்குங்க. மெசினப் போடு."

ஜீவராணி முதலில் இறங்கினாள். மெசின்வரை போனாள். பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த வலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வலையப் போடுங்க தொரை. நின்னுக்கிறேன்."

"நீ சொல்லி நான் போடணுமா?"

"வேற யாரு சொன்னாப் போடுவீங்க?"

"கொழும்புல கேக்கணும்."

"என் கை கொழும்புலயா இருக்கு?"

மேலேயிருந்து கொழுந்து தள்ளுகிறவர்கள் அவளருகே வந்து உட்கார்ந்தார்கள். அடுப்புக்காரர்களும் வந்தார்கள். மேசையில் கிடந்த இலை மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. செப்பு நிறம் தாண்டிக் கறுத்தது. பழுத்த மணம் புளிப்பாகத் திரும்பியது.

"எல கெட்டுப் போய்க்கிட்டே இருக்கு சேர்" என்றார் டீமேக்கர். "நாலு போல்ட்டுதானே சேர்."

"போல்ட் இல்ல இங்க பிரச்சினை. ஒழுக்கம்."

ஒரு மேசைத் தேயிலை அழுகிப்போனாலும், ஒரு பெண் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. இதற்குப் பெயர் நிர்வாகம். இதைக் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன.

"மலையில இருந்து கொழுந்து வரட்டும்" என்றார் தொரை. "எடுக்கிற பொம்பளைங்கள்ல ரெண்டு பேர வச்சே ஓட்டிக் காட்டுறேன்."

கொழுந்து எடுக்கும் பெண்கள் வந்தார்கள். ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் தொழிற்சாலையின் வாசலை ஒட்டிய மடுவக் கொட்டகையில்தான் கொழுந்தை நிறுப்பது வழக்கம். தலையில் சாக்கோடு முன்னால் வந்தவள் அந்த மலைப் பெண்களுக்குத் தலைவியான சண்முகவடிவு. அவளைத் தொரை வாசலிலேயே மறித்தார்.

"வடிவு, ரெண்டு பேர உள்ள அனுப்பு."

"எந்த மெசினுக்குங்க?"

அவர் காட்டினார். அவள் மெசினைப் பார்த்தாள், கீழே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள், சுகிர்தத்தின் கட்டைப் பார்த்தாள்.

"அதுக்குப் போட எங்ககிட்ட வெரல் இல்லைங்க தொரை."

சாக்கை இறக்கினாள். தராசில் வைக்கவில்லை, வாசல் சிமெந்தில் வைத்தாள். அதன் பக்கத்தில் அடுத்த சாக்கு, அதற்கடுத்தது. சற்று நேரத்தில் வாசலில் கால் வைக்க இடமில்லை. மதுரனின் வாகனம் பின்னால் எடுக்கவும் வழியில்லாமல் நின்றது. அவர் உள்ளே ஏறிக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டார். தொரை தொலைபேசியைக் காதில் வைத்தபடி பங்களாப் பக்கம் நடந்தார். கொழும்பு இன்னும் எடுக்கவில்லை.

தூறல் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். வடிவு இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ஈரச் சிமெந்தில் விரித்தாள்.

"ஒக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள் ஜீவராணியையும் சுகிர்தத்தையும் பார்த்து. "நேரமாகும் போலிருக்கு."