அடித்த ஒரு சொல்

பன்னிரண்டாவது முறையும் தாள் நீலமாகிவிட்டது. கஞ்சியும் அயோடைடும் தோய்த்த அந்தத் துண்டுத் தாள் நீலமானால் குடுவைக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று பொருள். நைட்ரஜனும் குளோரினும் இன்னும் பிரியவில்லை. பிரிந்தால், நைட்ரஜன் ஒற்றை எலக்ட்ரானோடு கண நேரம் தவித்து, தன் வாலையே பிடித்துக்கொண்டு வளையமாகிவிடும். எழுபத்து மூன்று மார்ச்சில், அடையாற்று ஆய்வுக்கூடத்தில், கறுப்புத் துணி சுற்றிய குடுவையில் எனக்கு ஒரே ஒரு நாள் அது நடந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது. வழக்கமாக இந்த வினையைத் தொடங்கிவைப்பது வெளிச்சம்; அது படாமல் நடந்தது என்பதுதான் என் ஆய்வேட்டின் உயிர்.

"துணி விலகியிருக்கும் ஜலஜா, வெளிச்சம் பட்டிருக்கும். நோட்டுல அந்தப் பக்கத்தை அடிச்சுடு" என்றார் என் வழிகாட்டி ஸ்ரீனிவாசராகவன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பரிதாபப்பட்டார்.

"துணி விலகல சார். அடிக்க மாட்டேன்."

சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கு என் மேலேயே எரிச்சல்.

அவர் போன பிறகும், கண்ணாடிச் சாமான் கழுவும் புஷ்பம் தொட்டியருகிலேயே நின்றாள். மேற்கு மாம்பலத்திலிருந்து வருபவள், தினக்கூலி. ஒரு புகார் போதும், வேலை போய்விடும்.

"தாளு வெள்ளையா இருந்த அன்னிக்கு காச்சி வடிச்ச தண்ணி கேன் கைதவறி கொட்டிப் பூட்ச்சும்மா. கடசி அலசல கெணத்துத் தண்ணில பண்ட்டேன். சொன்னா தூக்கிடுவாங்கன்னு பயந்துகினு இருந்தேன்."

பின்பக்கத்துக் கிணறு! அந்தத் தண்ணீர் பட்ட வாளி, துவைகல், இவள் புடவைக் கரை எல்லாமே துரு நிறம். இரும்பு. குடுவையில் தங்கிய நாலு சொட்டு போதும், வினையைத் தொடங்கிவைக்க. வாளியை நோக்கி ஓடினேன். புஷ்பம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது காலைல எறச்சது, மஞ்சளாப் பூட்ச்சு. அன்னிக்கு அப்பத்தான் எறச்சேன், கண்ணாடியாட்டம் இருந்திச்சு."

காற்றுப் பட்டால் நீரில் கரைந்த இரும்பு துருவாகி உதவாமல் போகும் என்று நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். வாளியைப் பார்த்துத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. என்னைவிட அவள் கெட்டிக்காரி என்று அன்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

"உன் பேரை எழுதட்டுமா? சார் படிப்பார்."

கொஞ்சம் யோசித்தாள். "எழுதும்மா. நான்தானே எறச்சேன்."

அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் அடித்தேன். 'காய்ச்சி வடித்த' என்பதற்கான ஆங்கிலச் சொல். அதன் மேல், அவளுக்கும் படிக்க வரட்டும் என்று, தமிழில் எழுதினேன்: கிணற்று நீர், இறைத்தவர் புஷ்பம்.

மறுநாள் புஷ்பம் இறைத்து அலசினாள். கறுப்புத் துணியை இந்த முறை ஸ்ரீனிவாசராகவன் சாரே சுற்றி, இரண்டு முடிச்சும் போட்டார். குறித்த நேரத்தில் அவரே அவிழ்த்து, அவரே தாளை நனைத்தார். மூன்று பேரும் பார்த்தபடி நின்றோம். பிறகு அவர் கண் நோட்டின் மேல் போனது.

"யாரு புஷ்பம்?"

"நான்தான் சார்" என்றாள் அவள், தேவைக்கு மேல் உரக்க. ஈரக் கையைப் புடவையில் துடைக்கவில்லை. அவர் விரலிடுக்கில் தாள் சொட்டிக்கொண்டிருந்தது, வெள்ளையாக.