இரண்டு விரிசல்களும் என் இடது கையும்

சூளைக்கும் சூளைக்கும் நடுவில் உடையும் பாண்டத்தின் விரிசலை ஒரு மனுஷர் தன் உடம்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவர், ஜாடிப் பட்டறை அந்தோணிமிக்கேல் அண்ணாச்சி. நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷம், தவக்காலத்தில் சொன்னார். முதல் சூளையில் வெந்த பாண்டம் விரிந்துபோனால், விரிசலை ஈர நூலால் உருவி ஒருவர் கையில் ஏற்றிவிடுவார். மெருகு பூசிய பாண்டம் இரண்டாம் சூளையில் முழுசாக வெந்ததும் விரிசல் தானாகப் போய்விடும். மனுஷர் எல்லாரும் ஒரு சூளை மட்டுமே கண்டவர்கள். அதனால்தான் நம்மிடம் அது தங்குகிறது.

சுமப்பவர் சூட்டுப் பக்கம் போகக்கூடாது. கோபமும் சூடுதான். விரிசல் வளர்ந்து கழுத்தைத் தொட்டால் பாண்டத்துக்கே திரும்பிவிடும்.

இருபத்தாறு வருஷம் கழித்து என் மகள் ஆன்சிக்குப் பிள்ளை பிறந்தது. கோயிலுக்கு ஞானஸ்நானத் தொட்டி ஒன்று செய்து வைப்பதாக நேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அந்தத் தொட்டிதான் முதல் சூளையில் விரிந்தது. விரிசலை இடது கையில் வாங்கிக்கொண்டு எட்டு நாள் பழைய சோறு சாப்பிட்டேன். காப்பியை ஆறவைத்துக் குடித்தேன். யாரையும் வையவில்லை.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சி வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“இது நேர்க்கோடால்லா போகுது. தொட்டியில விழுந்தது வளைஞ்சு போகும். தாயி, இது ரோசிலியோட ஊறுகாய்ச் சாடி விரிசல். நூல் ரெண்டும் ஒரே ஆணியில தொங்கிச்சு, மாறிப்போச்சு.”

“உங்களுக்கு ஆணிக்கா பஞ்சம், அண்ணாச்சி?” என்று மெதுவாகத்தான் கேட்டேன். விரிசல் வளரவில்லை.

அடுத்த வீட்டு ரோசிலி இரண்டு நாளாக முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். தொட்டியின் விரிசல் அவள் தோளைத் தாண்டியிருந்தது.

“ஊறுகாய்ச் சாடிதானேன்னு இருந்துட்டேன் மைனி. சாமி தொட்டின்னு தெரிஞ்சா அடுப்புப் பக்கம் தலைவச்சுப் படுத்திருப்பேனா?”

“போட்டும். அதையும் என் கையில ஏத்துங்க.”

“ஒரே கையில ரெண்டு நின்னதில்லையே” என்றார் அண்ணாச்சி.

“மூணு பிள்ளைகளைத் தூக்கின கை. நிக்கும்.”

நின்றது. பட்டறை வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன். மூன்றாவது செபமாலை முடியும்போது இரண்டு விரிசலும் முழங்கையில் சந்தித்தன. நடுவிலிருந்த சில்லு பெயர்ந்து மடியில் விழுந்தது. ரோசிலி அதை எடுத்துத் தூசி ஊதினாள்.

“உள்ள நல்ல சுத்தமா இருக்கு மைனி.”

உடைந்த சில்லை ஒட்ட அதே மண்ணின் பொடி வேண்டும். என் குதிகால் வெடிப்பில் சுரண்டி எடுத்து, காடியில் குழைத்தார் அண்ணாச்சி. குழைத்துவிட்டுச் சில்லைத் தேடினால் காணவில்லை. இரண்டாம் சூளை அடுக்கும்போது, கைப்பழக்கத்தில் அதையும் மெருகில் முக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். சூளை வாயை மண் பூசி அடைத்தாயிற்று. அடைத்த சூளையைத் திறக்கக்கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் திறந்தோம். தொட்டியில் மயிரிழைக் கோடு கிடையாது. ரோசிலியின் சாடியும் முழுசு. என் கையிலிருந்த விரிசல்கள் போய்விட்டன. சில்லு மட்டும் பச்சைப் பளபளப்போடு, சூளையில் கொஞ்சம் சுருங்கி வந்தது. முழங்கையில் பொருத்தி, சுற்றி இருந்த இடைவெளியைக் குதிகால் பசையால் அடைத்தார். மறுநாள் காலை அந்தக் கையில்தான் பிள்ளையைத் தொட்டிமேல் ஏந்தினேன். நேர்ச்சை தீர்ந்தது.

இரண்டு சூளை கண்ட சில்லு இல்லையா, பிள்ளையின் வெள்ளிக்காப்பு அதில் படும்போதெல்லாம் கோயில் மணி மாதிரியே ஓசை வருகிறது. மூவேளை மணி என்று தெருவே எழுந்து நின்று செபம் சொல்கிறது. நேற்று மட்டும் பதினோரு தடவை ஆயிற்று. ரோசிலியின் உலை இன்னும் கொதிக்கவில்லை.

பிள்ளையைப் பார்க்க நீங்கள் வந்தால், அவனை என் வலது பக்கமாகக் கொடுங்கள்.