மான் கொழுப்பு

டாக்டர் வில்மா ஹக்ஸ்டெட்டின் வாழ்நாள் உழைப்பை ஒரே வரியில் சொல்லிவிடலாம். எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் எங்கள் நியூ மெக்சிகோ மேட்டில், ஒரு சின்ன ஊர்க்காரர்கள் கொக்கோ குடித்தார்கள். கொக்கோ மரமோ ஆயிரம் மைலுக்கும் மேல் தெற்கே. பானை ஓடுகளைப் பொடித்து, கரைத்து, கருவிக்குள் செலுத்தி அந்த அம்மாள் அதைக் கண்டுபிடித்தார். அதனால்தான் பதவி, பரிசு, பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் எல்லாம். நான் நெஸ்டர். இருபத்தெட்டு வருடமாக அந்தக் கருவியைத் துடைத்து, திட்டி, ஓட வைக்கிறவன்.

போன பிப்ரவரியில் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அதே ஊரில் புதிதாகத் தோண்டிய பதினொரு ஓடுகளில் ஒன்றில்கூடக் கொக்கோ இல்லையாம். தங்கள் முடிவைத் தயவுசெய்து மறுபடி சோதிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அந்தத் தயவுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அவங்களுக்குக் கருவி ஓட்டத் தெரியல டாக்டர்."

"உளறாத. கீழ கழுவாத ஓடு ஒரு பெட்டி கெடக்கும் பாரு, எடுத்துட்டு வா."

முதல் வருடம் தோண்டி, மண்ணோடு அப்படியே கட்டி வைத்த பெட்டி அது. நான்கு நாள் ஓட்டினேன். எதிலும் கொக்கோ இல்லை. ஐந்தாம் நாள் காலை டாக்டர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கழுவினதுல இருக்கு, கழுவாததுல இல்ல. அப்ப தோண்டுற முகாம்ல ஓடு கழுவினது யாரு?"

"நான்தான்."

"எந்தத் தண்ணில?"

முகாமுக்குத் தண்ணீர் பதினெட்டு மைல் தள்ளி லாரியில் வரும். ஒரு சொட்டு சிந்தினாலும் டாக்டர் நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். பாத்திரம் அலசிய தண்ணீரில் ஓடுகளை முதலில் ஊறப்போட வேண்டும், பிறகு ஒரு குவளை நல்ல தண்ணீர். அவர் போட்ட சட்டம்தான். அக்டோபர் குளிரில் தினமும் விடிந்ததும் எல்லோருக்கும் கொக்கோ கலக்கியவன் நான். அந்தப் பாத்திரத்தை அலசியவனும் நான்.

சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய் அந்த ஓடுகளுக்குக் கருவி அன்று கோடு போட்டுத் தந்த பழைய தாள்களை அலமாரியிலிருந்து கொண்டுவந்தார். ஒரு தாளின் ஓரத்தில் கோடு சின்னதாக ஒரு மேடு போல எழும்பியிருந்தது. பக்கத்தில் பென்சிலில், அவர் கையெழுத்தில், 'மான் கொழுப்பு'.

"நீ கலக்கின பொடில பால் இருந்துச்சா?"

"டப்பாவுல வர்றதுதானே டாக்டர். பால் பவுடர் சேர்ந்ததுதான்."

"இது பால் கொழுப்பு, நெஸ்டர். நேத்து சேர்ந்த பிள்ளைகூடப் பாத்ததும் சொல்லிடும். எண்ணூறு வருஷத்துக்கு முந்தி இந்த நாட்டுல கறக்க மாடு ஏது? கொக்கோவைப் பாத்த சந்தோஷத்துல மான்னு எழுதிட்டுப் போயிட்டேன்."

அன்று மதியமே, கொக்கோக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். வயது அறுபத்தாறு. இனி இன்னொன்றைக் கண்டுபிடிக்க நேரமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"என் பேரையும் போடுங்க. கழுவினது நான்னு எழுதுங்க."

"போடறேன். கட்டுரைல உன்னை என்னன்னு சொல்லியிருக்கோம், பாரு."

கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். இருபது பேருக்கு நன்றி சொல்லியிருந்தது. லாரி ஓட்டியவருக்குக்கூட. விரலை வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். மறுபடி மேலிருந்து பார்த்தார்.

"உன் பேரு இல்லயே."

"இல்ல டாக்டர்."

"ஓடுகளை எப்படிக் கழுவினோம்னும் ஒரு வரி இல்ல. அதை எழுதியிருந்தா எவனாவது அன்னைக்கே கேட்டிருப்பான்."

என் பெயர் இல்லை என்பது எனக்குக் கட்டுரை வந்த நாளிலிருந்தே தெரியும். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதார். நான் போய்க் கருவியின் சுவிட்சை அணைத்தேன்.