கறுப்பு வளையம்

இறந்துபோன என் மனைவி ஜெய்த்தூன் நட்டு வளர்த்த பலாமரத்துக்குக் கம்பத்து மரக்கடைக்காரன் போட்ட விலை எட்டாயிரம், வெட்டுக்கூலி போக. காற்றில் சாய்ந்து கிடந்ததை அவன் செருப்புக் காலால் தட்டிப் பார்த்த தினுசே எனக்குப் பிடிக்கவில்லை. கொடுக்கவில்லை.

மகள் மிஸ்பாதான் வழி சொன்னாள். "அத்தா, அதுல எனக்கு ஒரு யுகுலேலே, அதான் அந்தக் குட்டி கிதார், செஞ்சு குடுங்க. அம்மா ஊஞ்சல் கட்டுன தடம் முன்னாடி தெரியணும். அது போதும்."

ஊஞ்சல் கயிறு இறுகி இறுகி, பெரிய கிளைக்குள் கறுப்பு வளையமாகவே பதிந்திருந்தது.

தேவாரம் ஊரில் கிதார் வகையறா செய்கிற தமிழ்மாறனிடம் அந்தக் கிளையை இறக்கினேன். பதினெட்டாயிரம் கேட்டான். நான் ஏலக்காய் வியாபாரி. வேண்டிய சரக்கை வேண்டும் என்று காட்டிக்கொண்டால் விலை ஏறும்.

"பிள்ளை வெளையாடுற சாமானுக்குப் பதினெட்டா? கட்டையப் பாரு, கறுப்பு விழுந்த கழிசடை. மிச்சத்த நீயே வச்சுக்க. பதினொண்ணு."

முகத்தைத் தொங்கப்போட்டு ஒத்துக்கொண்டான். எனக்கு அன்று இரண்டு பரோட்டா கூடுதலாக இறங்கியது.

வாத்தியம் வந்தது. மாசு மறு இல்லாத மஞ்சள். மிஸ்பா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு தந்தியைக்கூடத் தொடாமல் கட்டிலில் வைத்துவிட்டாள்.

மறுநாள் தேவாரம் போனேன். பட்டறைச் சுவரில் இன்னொன்று தொங்கியது. நடுத் துளையைச் சுற்றி, மை தீட்டின மாதிரி அந்த வளையம்.

"நீங்கதான பாய் கழிசடைன்னு சொன்னீக, அதான் உங்களுக்கு அதை ஒதுக்கிட்டுச் செஞ்சேன். மிச்சம் எனக்குன்னதும் நீங்கதான்."

"என்ன வெலை?"

"கொச்சிக்காரரு ஒருத்தரு வாங்கிக்கிறேன்னு முப்பத்தஞ்சு சொல்லியிருக்காரு. உங்களுக்குன்னா முப்பத்திரண்டு." பிசின் காய்ந்த நகத்தால் தந்தியைச் சுண்டிவிட்டுச் சிரித்தான்.

காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது; கல்லாவில் உட்கார்ந்து தினமும் நான் சிரிப்பது.

பழக்க தோஷத்தில், "கறுப்பு விழுந்த கட்டைக்கு..." என்று வாயெடுத்தேன். நாக்கே கசந்தது. நிறுத்திக்கொண்டு பணத்தை எண்ணி வைத்தேன்.

வண்டியில் பக்கத்து இருக்கையில் அதைச் சாய்த்து வைத்து, வழியெல்லாம் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் வாத்தியம் பதினோராயிரம். இரண்டாவது முப்பத்திரண்டாயிரம். ஆக, நாற்பத்து மூவாயிரம்.

இதில் பேரம் பேசி நான் மிச்சம் பிடித்தது, ஏழாயிரம்.