மேல் கீல்

வீட்டுக்குள்ளிருந்து சவப்பெட்டியைத் தூக்கி வந்த நால்வரும் வாசலருகே நின்றுவிட்டார்கள். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. அடிப்பக்கம் தரையில் உரசி முரண்டு பிடித்தது.

“தச்சர் வீட்டுக் கதவு இப்படியா இருக்கணும்?” என்றார் மாமா.

“கழட்டிடலாம்,” என்றாள் மகள். பரண்மேலிருந்து அப்பாவின் கருவிப் பையை இறக்கித் திருப்புளியை எடுத்தாள். அழுகை வரவில்லை. நேற்றிலிருந்து வந்ததெல்லாம் எரிச்சல்தான்.

அப்பாவுக்கு நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்பை அரித்திருந்தது. கம்பியும் ஸ்குருவும் வைத்து நிமிர்த்தலாம் என்றார் டாக்டர்.

“உளுத்த மரத்துல ஸ்குரு நிக்காதே சார். நாங்கன்னா ஓட்டையில தீக்குச்சியைத் திணிச்சு முடுக்குவோம்,” என்றார் அப்பா.

“நாங்க சிமெண்ட் வெச்சு முடுக்குவோம்,” என்று டாக்டரும் சிரித்தார். பிறகு மகளைத் தனியே அழைத்துச் சொன்னார். “நோய் போகாதும்மா. வலியில்லாம உட்காருவார். அதுக்குத்தான் இது.”

காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

அறுவை நன்றாகவே முடிந்தது. மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்தவர் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்த அன்றே கதவு கண்ணில் பட்டுவிட்டது.

“என்னை அங்க தள்ளும்மா. கீலெல்லாம் ஆடுது.”

“மூணு மாசம் அசையாம இருங்கப்பா. நடக்க ஆரம்பிச்சதும் ஊர்க் கதவையெல்லாம் பாருங்க.”

தினமும் கேட்டார். தினமும் இதையே சொன்னாள். வேலைக்குக் கிளம்புமுன் கருவிப் பையைப் பரணில் ஏற்றிவிட்டுப் போனாள். இருபத்திரண்டு நாள் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். பிறகு காய்ச்சல் வந்தது, நேற்று மதியம் போய்விட்டார். வராத நடைக்காக, கையில் இருந்த நாட்களைப் பூட்டி வைத்தது யார் என்று நினைக்க நினைக்க, டாக்டர்மேல் இருந்த கோபமெல்லாம் தன் பக்கமே திரும்பியது.

ஸ்டூலில் ஏறினாள். மேல் கீலின் திருகாணிகள் விரலுக்கே கழன்று வந்தன. இறங்கி நடுக்கீலில் திருப்புளியை வைத்தாள். அசையவில்லை. கீழ்க்கீலும் அப்படித்தான். உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள், உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீ வேலைக்குப் போனப்புறம் நான்தான் பையை இறக்கிக் கொடுப்பேன். அந்த ரெண்டு கீலுக்கும் ஒரு தீப்பெட்டியே காலி. மேல அவருக்கு எட்டலை.”

“ஏன் சொல்லலை?”

“நீ கத்துவேன்னு சொல்ல வேணாம்னுட்டார்.”

பெட்டியைச் சுமந்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள்.

“என்கிட்ட கொடும்மா, நான் கழட்டறேன்,” என்றார் மாமா.

“கழட்ட வேணாம் மாமா. தீப்பெட்டி இருக்கா?”

மாமா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குச்சிகளின் மருந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு மறுபடி ஸ்டூலில் ஏறினாள். மாமா கதவைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, ஓட்டைகளில் குச்சிகளைத் திணித்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இறங்கி, ஒரு விரலால் தள்ளினாள். கதவு சத்தமில்லாமல் சுவர்வரை போய் நின்றது.