மேசைக்கு அடியில் போன குழந்தை

நாலு வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் மனநல ஆலோசகரும் ஒரே அறையில் சேர்ந்து அவளைப் பரிசோதித்தார்கள். அப்பா அம்மாவோடு கூட வந்திருந்த அத்தைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க வம்சத்துல இப்படி யாரும் இல்ல. எல்லாம் இவ குடுக்கிற செல்லம்," என்று குழந்தையின் அம்மாவைப் பார்த்து முகத்தை நொடித்தாள்.

"செல்லத்தால வந்ததில்லம்மா. வளர்ச்சியில தாமதம். வீட்டுல எல்லாருமா சேர்ந்து பழக்கணும்," என்றார் மருத்துவர்.

"என் பொண்ணுக்குப் பட்டம் கட்டுறீங்களா?" அப்பா மேசையை ஓங்கித் தட்டினார். குழந்தை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அம்மா அத்தையின் கையைத் தட்டிவிட்டாள். "இன்னொரு தடவை தொட்டீங்க, அண்ணி, மரியாதை கெட்டுடும்!"

"அப்போ நீயே கட்டிக்கிட்டு அழு," என்று அப்பா தன் அக்காவோடு வெளியேறினார்.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். மருத்துவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஒருத்திதான். என்ன செய்யணும், சொல்லுங்க."